மாயாக்காவின் நம்பர்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கக் குடியிருப்பில், எங்கள் லைன் வீடுகளில், ஜி.எஸ்.டி. நம்பர் வாங்கிய முதல் ஆள் மாயாக்கா. கடைசி ஆளும் அவளாகத்தான் இருப்பாள். இனி எவனும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். நம்பர் வந்த அன்றைக்கு லைன் முழுக்க வீடு வீடாகக் கேசரி கொடுத்தாள். நெய் ஒழுகும் கேசரி. நானும் இரண்டு முறை வாங்கித் தின்றவன் என்பதால் நடந்ததற்கெல்லாம் நியாயம் பேச எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் பேசத்தான் போகிறேன். வாயை மூடிக்கொண்டிருக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்குமே இல்லை.

என் பேர் உதய். விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய், ஒரு கிடங்கில் பெட்டி எண்ணிவிட்டு, இருட்டிய பிறகு திரும்பி வருகிற ஆயிரம் பேரில் ஒருவன். மாயாக்கா எனக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் வீட்டில் பூண்டு வதக்கினால் எங்கள் வீட்டில் பசிக்கும்.

அக்காவின் அப்பா சுப்பிரமணி சுரங்கத்தில் இருந்தவர். அக்காவுக்கும் வேந்தன் மாமாவுக்கும் கல்யாணமான கையோடு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மாலை வாடுவதற்குள் மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. மாமா பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக்கு வாட்ச்மேனாகப் போனார். அக்கா ஸ்டேஷன் வாசலில் இட்லி விற்றாள். ரயிலுக்கு ஓடுகிறவர்கள் சில்லறை கொடுக்க நேரமில்லாமல் ஓடுவார்கள். மறுநாள் கொடுப்பார்கள். யாரும் ஏமாற்றியதில்லை. அப்புறம் புத்த பூர்ணிமாவுக்கு விகாரையில் போடும் சாப்பாடு, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று அண்டா பெரிதாகிக்கொண்டே போயிற்று. அவள் வைக்கும் மொச்சைக் குழம்புக்காக, உறவு விட்டுப்போன வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட மொய் எழுதப் போனவர்கள் உண்டு.

கொரோனா ஓய்ந்த வருஷம், பங்காருப்பேட்டை ரோட்டில் புதிதாக வந்த ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தினமும் நூற்றைம்பது பேருக்கு மதியச் சாப்பாடு போட ஆள் தேடினார்கள். அக்கா ஒருநாள் சாம்பிளுக்குக் களியும் கீரைக் குழம்பும் கொண்டு போனாள். ருசி பார்த்த பர்ச்சேஸ் ஆபீசர் விரலை நக்கிக்கொண்டே, "ஜி.எஸ்.டி. பில் தருவீங்க இல்ல மேடம்? பில் இல்லேன்னா எங்க சிஸ்டம் பேமென்ட் விடாது" என்றாராம். அக்கா "தருவோம் சார்" என்று சொல்லிவிட்டு வந்து, அது என்ன என்று என்னைக் கேட்டாள்.

ராபர்ட்சன்பேட்டையில் மாடி அறையில் உட்கார்ந்து வரிக்கணக்கு எழுதும் மனோகரிடம் அழைத்துப்போனேன். நம்பர் வாங்குவதில் முதல் சிக்கல் விலாசம். தொழில் நடக்கும் இடம் உங்களுடையதா, வாடகையா என்று கேட்கிறது அந்த விண்ணப்பம். எங்கள் வீடுகள் சுரங்கக் கம்பெனி கட்டிய வீடுகள். மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம். சொந்தமா என்று கேட்டால் இல்லை. வாடகையா என்று கேட்டால் அதுவும் இல்லை. மனோகர் ஏதேதோ செய்து, அக்காவின் மாமனார் பேரில் வந்த கரன்ட் பில்லை வைத்து, ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்டு, இரண்டாம் முறை வாங்கிக் கொடுத்தார். "மாயா கேட்டரிங், சாம்பியன் ரீப்ஸ்" என்று போர்டு எழுதி அதன் கீழே நம்பரையும் எழுதி மாட்டினாள் அக்கா. போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று அந்த நம்பரைப் படித்தான்.

அப்போதே மனோகர் பாடம் நடத்தினார். "சாப்பாட்டு விலைக்கு மேல அஞ்சு பர்சென்ட். மத்திய அரசுக்கு ரெண்டரை, மாநிலத்துக்கு ரெண்டரை. தனித்தனியா எழுதணும்."

"ரெண்டரையும் ரெண்டரையும் அஞ்சுதான? ஒண்ணா எழுதினா இன்னாவாம்?"

"ஆகாது மேடம். அடுத்த மாசம் இருபதாம் தேதிக்குள்ள கட்டிடணும்."

"கம்பெனிக்காரன் ரெண்டு மாசம் கழிச்சில்ல துட்டு குடுப்பான்?"

"அவன் எப்ப குடுத்தா நமக்கென்ன? பில் போட்டாச்சுன்னா வரி கட்டிடணும்."

வராத காசுக்கு வரி. கழுத்துச் செயின் அடகுக்கடைக்குப் போவதும் மீண்டு வருவதுமாக இருந்தது. அதைவிட அவளுக்கு எரிச்சலைத் தந்தது கிருகலட்சுமித் திட்டம். வீட்டுத்தலைவிக்கு மாதம் இரண்டாயிரம் என்று அரசு அறிவித்தபோது லைனில் எல்லாப் பெண்களுக்கும் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. ஜி.எஸ்.டி. கட்டுகிற வீட்டுக்குக் கிடையாதாம். அவளிடம் காய் நறுக்க வரும் பெண்கள் போனில் பணம் வந்த சத்தம் கேட்டதும் சிரித்துக்கொள்வார்கள். "மொதலாளியம்மா, உனுக்கு எதுக்குக்கா ரெண்டாயிரம்?" என்று கிண்டல் வேறு. அக்காவும் சிரிப்பாள். உள்ளே வந்து, "மொதலாளியாம் மொதலாளி, செயினு கடையில கீது" என்று சுவரோடு பேசுவது எனக்குக் கேட்கும்.

ஆனால் அந்தக் கம்பெனிச் சாப்பாட்டை அவள் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை நம்பி எட்டுப் பெண்கள் இருந்தார்கள். ரயிலேறிப் போய் பெங்களூரில் துணிக்கம்பெனியில் நின்று கால் வீங்கியவர்கள். இங்கே நடந்து வந்து, நறுக்கி, சமைத்து, வேனில் ஏற்றிவிட்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். வருஷா வருஷம் ஏப்ரலில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கவேண்டும். புதுப்பிக்க நம்பர் உயிரோடு இருக்கவேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

இனி ஏசுபாதம் அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். அடுத்த லைன்காரர், பிரியாணி மாஸ்டர். சுரங்கத்தில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்த செட்டில் ஒருவர். நாலு வருஷம் கீழே இறங்கியதற்கே நெஞ்சில் தூசி தங்கி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அவருக்கு ஆர்டர் கூடி ஆள் போதாதபோதெல்லாம் அக்கா தன் ஆட்களை அனுப்புவாள். அக்காவுக்குப் பெரிய கல்யாணம் வந்தால் அவர் பிரியாணிக்கு வந்து நிற்பார். இருவருக்கும் நடுவில் கூலி பேசி நான் பார்த்ததில்லை.

அவருக்கு பெங்களூரில் விசேஷங்கள் எடுத்து நடத்தும் ஒரு கம்பெனியிலிருந்து பிரியாணி ஆர்டர் வந்தது. மாதம் நாலைந்து தடவை, பெரிய ஆர்டர். அவர்களும் அதே பல்லவி: ஜி.எஸ்.டி. பில் இருந்தால்தான். அண்ணன் நேராக அக்கா வீட்டுக்கு வந்தார்.

"மாயாம்மா, உன் நம்பர்ல ஒரு பில்லு போட்டுக் குடேன். உள்ள வுடமாட்றானுங்க."

"இதுக்கு இன்னாண்ணே தயங்கறே? இந்தா."

இதைக் கேட்டு வெளியூர்க்காரன் தலையில் அடித்துக்கொள்வான். எங்கள் ஊரில் அடித்துக்கொள்ளமாட்டோம். சுரங்கம் ஓடிய காலத்தில் ஆளுக்கு ஒரு டோக்கன். அதைக் கொடுத்தால்தான் கேஜ் என்கிற கூண்டில் ஏற்றிக் கீழே இறக்குவார்கள். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், வேலை கிடைக்காத பக்கத்து வீட்டுப் பையன் அந்த டோக்கனை வாங்கிக்கொண்டு ஷிஃப்ட்டுக்கு இறங்குவான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கூலி டோக்கன்காரர் பேரில் வரும். அவர் அதை அப்படியே பையன் கையில் கொடுத்துவிடுவார். அக்காவின் அப்பா சுப்பிரமணி தாத்தாவின் டோக்கனில் மட்டும் மூன்று பேர் பிழைத்தார்கள் என்பது லைனில் பெருமையாகப் பேசப்படும் விஷயம். டோக்கன் கொடுக்காதவனை மனுஷனாகவே மதித்ததில்லை. அக்காவுக்கும் அண்ணனுக்கும் நம்பர் என்றால் அதுதான். வாசலில் காட்டவேண்டியது. காட்டினால் உள்ளே விடுவார்கள். வேலை செய்தவனுக்குக் கூலி.

அது வாசலோடு நிற்காமல், காட்டிய ஒவ்வொரு தடவையையும் எழுதிவைத்துக்கொள்ளும் என்று இருவருக்கும் தெரியாது.

முதல் பில்லை அக்காவே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பணம் அவள் கணக்குக்கு வந்தது. பேங்குக்குப் போய் எடுத்து, ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்தாள். கமிஷன் என்று எடுத்தால் அசிங்கம். அந்த ஒரு பில்லைத் தன் பில்களோடு சேர்த்து, வரியையும் தன் கையிலிருந்தே கட்டினாள். இரண்டாவது மாதம், "நீ எதுக்கும்மா பேங்குக்கு நடந்துகினு கீறே" என்று அண்ணன் தன் கணக்கு நம்பரையே பில்லில் எழுத ஆரம்பித்தார். மூன்றாவது மாதம் அக்கா ஒரு பில் புக்கையே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் மூச்சிரைக்க மேட்டில் ஏறி வருவதைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம். ஒருவர்மேல் ஒருவர் காட்டிய கரிசனத்தில் இரண்டு பேரும் குழி தோண்டினார்கள். மனோகரிடம் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கத்தியிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து, போன பிப்ரவரியில், நோட்டீஸ் வந்தது. தபாலில் வரவில்லை. கம்ப்யூட்டரில் வந்து மனோகர் கண்ணில் பட்டது. அவர் போன் செய்து, "மேடம், நீங்க பெங்களூர்ல எப்ப பிரியாணி போட்டீங்க?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். அந்த விசேஷக் கம்பெனி ஒவ்வொரு பில்லுக்கும் வருமான வரியாக ஒரு சதவீதம் பிடித்து, பில்லில் உள்ள ஆள் பேரில் கட்டிவிட்டது. ஜி.எஸ்.டி. நம்பருக்குள்ளேயே அக்காவின் பான் நம்பர் அடங்கியிருக்கிறது. ஆக, பணம் ஏசுபாதம் அண்ணன் கணக்குக்குப் போனாலும், சம்பாதித்தது மாயா என்று பதிவாகிவிட்டது. நாற்பது லட்சத்துக்குமேல் வியாபாரம். அதற்கு ஜி.எஸ்.டி. எங்கே என்பது கேள்வி. அண்ணன் எழுதிய பில்களில் வரி சேர்க்கவே இல்லை. மேலே நம்பர் அச்சடித்திருந்தால் போதும் என்று இருந்துவிட்டார். வந்த காசு மகள் அமலாவின் நர்சிங் படிப்புக்கும், அவருடைய மருந்துக்கும், பழைய கடனுக்கும் போய்விட்டது. வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து நாலு லட்சத்துச் சொச்சம் என்றார் மனோகர்.

அக்கா அவருடைய மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒரு தட்டுப் பிரியாணிகூட விக்கலியே சார்" என்றாள்.

மனோகர் கெட்டவர் இல்லை. வாங்கும் காசுக்குமேல் யோசித்து ஒரு வழி சொன்னார். "பில் புக் காணாமப் போச்சுன்னு சொல்லுங்க. ஏசுபாதம் எடுத்துட்டுப் போய் உங்க பேர்ல மோசடி பண்ணிட்டார்னு போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைன்ட் குடுங்க. பணம் அவர் கணக்குக்குத்தான் போயிருக்கு. அது போதும். அந்தக் காப்பியை வெச்சுக்கிட்டு கோலார் வரி ஆபீஸ்ல நான் பேசறேன். நம்பர் பொழைச்சுக்கும். ஏப்ரல் கான்ட்ராக்டும் பொழைச்சுக்கும்."

எனக்கு அது சரியாகப் பட்டது. இப்போதும் சரியாகத்தான் படுகிறது. வேந்தன் மாமாவும் அதையே சொன்னார். ஆச்சரியம், ஏசுபாதம் அண்ணனும் அதையே சொன்னார். அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்து இருமிவிட்டு, "என் மேல எழுதிக் குடுத்துடு மாயாம்மா. உள்ள வெச்சா சோறு போடுவான். எனுக்கு இன்னா கீது" என்றார். சொல்லிவிட்டு அந்தத் துண்டை மடித்து மடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போவதை நினைத்தா, செய்த காரியத்தை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

அக்கா அவருக்குக் காபி கொடுத்தாள். சர்க்கரை குறைவாக. அவருக்கு எப்படிப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்டேஷனுக்குப் போவதை இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். கோலாரில் விசாரணை நாள் வந்துவிட்டது. மனோகருக்கு அன்றைக்கு வேறு கேஸ். "விசாரணையில வாயால சொல்லிடுங்க, கம்ப்ளைன்ட் காப்பியை அப்புறம் குடுத்துக்கலாம்" என்று, சொல்லவேண்டியதை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினார். நான் லீவு போட்டு அக்காவோடு பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். "புக்கு காணாமப் போச்சு மேடம். யாரு எடுத்தாங்கன்னு அப்பாலதான் தெரிஞ்சுது." கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி முகம் வெளுத்திருந்தது.

அந்த அதிகாரி ஒரு பெண். எங்களை நிற்கவைக்கவில்லை, உட்காரச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அதட்டுகிறவராக இருந்தால் அக்காவுக்குப் பொய் சுலபமாக வந்திருக்கும் என்று நான் பிறகு பலமுறை நினைத்ததுண்டு. பெங்களூர்க் கம்பெனி அனுப்பிவைத்திருந்த பில்களை எடுத்து மேஜையில் பரப்பி, நிதானமாகக் கன்னடத்தில் கேட்டார்.

"ஈ பில் எல்லா நிம்தேனா?"

இதெல்லாம் உங்களுடையதுதானா என்று கேட்கிறார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா பில்களைப் பார்த்தாள். அண்ணனுக்கு எழுத்து கோணல். பிரியாணி என்பதைக்கூட ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருந்தார். நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"நம்தே மேடம்" என்றாள்.

எங்களுடையதுதான் என்று சொல்லிவிட்டாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். யாராவது உங்கள் புத்தகத்தைத் தவறாகப் பயன்படுத்தினார்களா, அப்படியானால் சொல்லுங்கள், இப்போதே சொல்லலாம் என்று அவரே வழி எடுத்துக் கொடுத்தார். பணம் வேறொருவர் கணக்குக்குப் போயிருக்கிறதே என்றும் கேட்டார். எங்கள் மாஸ்டர்தான், நம்ம ஆள்தான் என்றாள் அக்கா. நான் வாய் திறந்தேன். அவள் திரும்பி, "நீ சும்மா இருடா" என்றாள். அதிகாரி எழுதிக்கொண்டார். அக்கா சொன்ன இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் நான் ரோட்டில் நின்று கத்தினேன். அக்கம்பக்கம் பார்க்காமல் கத்தினேன். "உனக்கென்ன பைத்தியமா? அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா நீ? எட்டுப் பொம்பளைங்களை நடுத்தெருவுல வுட்டுட்டியே!"

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் கையாலதானடா எடுத்துக் குடுத்தேன். குடுத்துட்டு, திருடிகினு போனான்னு எப்பிடிச் சொல்றது? நீ சொல்லு, எப்பிடிச் சொல்றது?" என்றாள். பிறகு அழுதாள். பஸ் ஸ்டாண்டு போகும் வரை அழுதாள். எனக்கு அவள் மேல் கோபமும் வந்தது, அவளை நினைத்து அழுகையும் வந்தது.

அதற்குப்பின் எல்லாம் வரிசையாக நடந்தது. யாரையும் குறை சொல்ல முடியாதபடி ஒழுங்காக நடந்தது. உத்தரவு வந்தது. கட்டப் பணமில்லை. பேங்க் கணக்கை முடக்கினார்கள். நம்பரை நிறுத்திவைத்தார்கள், பிறகு ரத்து செய்தார்கள். உதிரிபாகக் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசர் அக்காவை மரியாதையாகவே அனுப்பிவைத்தார். "சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல மேடம். உங்க நம்பரைப் போட்டா சிஸ்டம் எடுக்கமாட்டேங்குது" என்றார். ஏப்ரலில் கான்ட்ராக்ட் போயிற்று.

மாமா பேரில் ஒரு நம்பர் எடுக்கலாமே என்று நான்தான் கேட்டேன். மாமா வாட்ச்மேன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "என் பேரையாவது வுட்டு வைங்கடா" என்றார். அதற்குமேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் தேவைக்குமேல் பேசிக்கொள்வதும் குறைந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அந்த அமைதி எனக்கு நன்றாகக் கேட்டது.

எட்டுப் பெண்களில் நாலு பேர் மறுபடி விடியற்காலை ரயிலேறினார்கள். எனக்கு எதிர் சீட்டில் தூங்கி வழிந்துகொண்டு வருவார்கள். மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். கல்யாண ஆர்டர்களும் நின்றுபோயின. மாயாக்கா மேல் கேஸ் இருக்கிறது, அட்வான்ஸ் கொடுத்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று ஒரு பேச்சு கிளம்பி லைன் முழுக்கச் சுற்றியது. கேசரி தின்ற வாய்தானே, எதையும் பேசும். கிருகலட்சுமிக்கு மனுப்போட்டுப் பார்த்தாள். இன்னும் ஜி.எஸ்.டி. கட்டுகிறவள் என்றே காட்டுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏசுபாதம் அண்ணன் வந்தார். கோலாரிலிருந்து நாங்கள் திரும்பிய நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. வெட்கம் என்று நினைத்திருந்தேன். வெட்கமும் இருந்திருக்கும். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"மாயாம்மா, ஒண்ணு சொல்லணும். திட்டிக்கோ, அடிச்சிக்கோ."

"சொல்லுண்ணே."

"அமலா பேர்ல நம்பரு எடுத்தாச்சு. ஆண்டர்சன்பேட்டையில ஒரு கடையை வாடகைக்குப் புடிச்சி. அந்தக் கம்பெனிச் சாப்பாடு… எவனோ பெங்களூர்க்காரன் எடுத்துகினு கீறான், ருசியே இல்லன்னு பசங்க கத்தறாங்களாம். எங்கள வந்து கேட்டாங்க." மூச்சு வாங்க நிறுத்தினார். "எடுத்துட்டேன்."

நான் என் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. அந்த ஆளை அப்போதே மேட்டிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது. ஆனால் யோசித்தால், அவர் செய்தது இன்ன தப்பு என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை. நம்பர் வாங்கினார், கான்ட்ராக்ட் எடுத்தார். எல்லாம் சட்டப்படி.

"எனுக்குப் பிரியாணி வரும். தெனப்படி சோறு, கொழம்பு வராது. நீ வந்து நில்லு. மாசச் சம்பளம் குடுத்துட்றேன். இன்னா கேக்கறியோ அது."

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "என் பொம்பளைங்க எட்டு பேரு?"

"எல்லாரும் வரட்டும்."

"சரி."

ஆண்டர்சன்பேட்டைக் கடையின் பின்கட்டில் அடுப்பு வைத்திருக்கிறார்கள். அண்டாக்கள் அக்காவுடையவை. வாடகை கேட்க அவளுக்கு மனம் வரவில்லை, கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை. அதே களி, அதே கீரைக் குழம்பு, அதே நூற்றைம்பது பேர். பர்ச்சேஸ் ஆபீசர் ஒருநாள் ருசி பார்த்துவிட்டு, பழைய மேடம் சாப்பாடு மாதிரியே இருக்கிறதே என்று ஏசுபாதம் அண்ணனைப் பாராட்டினாராம். அண்ணன் வந்து அதைச் சந்தோஷமாகச் சொன்னார். அவருக்குச் சூதுவாது கிடையாது, அதுதான் தாங்கமுடியவில்லை.

சம்பளத்தை மாமா கணக்கில் போடுகிறார்கள். அதில் ஒரு பங்கு மாதா மாதம் கோலாருக்குத் தவணையாகப் போகிறது. இந்த வேகத்தில் போனால் அக்காவுக்கு அறுபது வயது ஆகும்போதுதான் முடியும் என்று மனோகர் சொன்னார். வட்டி வேறு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்.

முதல் மாதம் முடிந்ததும் பில் போடவேண்டிய நாள் வந்தது. அமலா பெங்களூரில் ஆஸ்பத்திரி டியூட்டியில் இருந்தாள். எழுதாத பில்களில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். அண்ணன் புதுப் பில் புக்கை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்தார். நான் அன்றைக்கு அக்காவை வண்டியில் கூட்டிப்போகக் காத்திருந்தேன்.

"மாயாம்மா, இந்த ரெண்டரை ரெண்டரை எனுக்கு எழுத வர்ல. நீ எழுதிக் குடேன்."

அக்கா கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு, கவிழ்த்துவைத்த அண்டாவின் மேல் புத்தகத்தை வைத்து எழுதினாள். "அமலா கேட்டரிங், ஆண்டர்சன்பேட்டை" என்று மேலே அச்சடித்திருந்தது. அதன் கீழே அமலாவின் நம்பர். எத்தனை சாப்பாடு, என்ன விலை, மத்திய அரசுக்கு இரண்டரை, மாநிலத்துக்கு இரண்டரை, மொத்தம். அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தாக எழுதினாள். கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தாள்.

"துட்டு வர்ற வரைக்கும் பாத்துகினு இருக்காதண்ணே. இருபதாம் தேதிக்குள்ள கட்டிடு."

"சரிம்மா. புக்கு உங்கிட்டயே இருக்கட்டுமா? எனுக்கு ஒண்ணும் புரியமாட்டுது. நீயே மாசா மாசம் போட்டுடு."

அவர் நல்ல மனதோடுதான் நீட்டினார். அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். நெருப்பை நீட்டினால்கூட அப்படிப் பின்வாங்கியிருக்கமாட்டாள்.

"வேணாம்ணே. கொழந்தை பேர்ல கீது. நீயே உள்ள வெச்சிப் பூட்டிடு. எவன் வந்து கெஞ்சினாலும் குடுக்காத. நான் கேட்டாலும் குடுக்காத."

அண்ணன் புரியாமல் அவளைப் பார்த்தார். பிறகு புரிந்திருக்கவேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, புத்தகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைப் பக்கம் போனார். அக்கா மறுநாளைக்கு மொச்சையை ஊறப்போட்டாள். அவள் குரலில் கொஞ்சமாவது கோபம் இருந்திருந்தால் நான் நிம்மதியாக வண்டியை எடுத்திருப்பேன்.